கேடயக்காரிக்குத் தலை இழுத்த நாள்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது நான் ஒரு வைக்கிங் வீராங்கனையாக இருந்தேன். டண்டினொங் புறநகரில், ரயில் பாதைக்குப் பின்பக்கத்துச் சின்ன யூனிற் வீடு ஒன்றில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்து வேலியோரம் போகாமல், அந்தப் பதவியை ஒரு வருடத்துக்கு மேல் வகித்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. "கோடரியைக் கீழ வைச்சிட்டுச் சாப்பிட வா" என்றுதான் அம்மா கூப்பிடுவார்.

எல்லாம் நூலகத்தில் எடுத்த புத்தகத்தால் வந்த வினை. ஒன்றல்ல, நாலு பாகம். ஒவ்வொன்றும் செங்கல் மொத்தம். அட்டையில் ஒரு பெண் நிற்பாள். சிவந்த தலைமயிர் காற்றில் பறக்கும், ஒரு கையில் கோடரி, மறுகையில் வட்டக் கேடயம். ஸ்வாலா என்று பெயர். வயது பதினாறு. தோளில் மீன் போல ஒரு மச்சம். அந்த மச்சம் இருப்பவள்தான் குலத்தைக் காப்பாற்றுவாள் என்று தெய்வங்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால், அவளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுவேலை, தமிழ் வகுப்பு ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்து விட்டால் கடலில் மூட்டம் எழும்பும். அந்த மூட்டத்துக்குள்ளால் அவளுடைய கப்பல் எதிரியின் கரையில் போய் ஏறும். நானும் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு மூட்டம் எழுப்பப் பழகினேன். தண்ணீர்க் கட்டணம் வந்ததும் அப்பா அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார்.

எங்களோடு அப்போது சின்னம்மா இருந்தார். அம்மாவின் தங்கை. எனக்கு எட்டு வயது நடக்கும்போது படகில் வந்து, அகதிகளை அடைத்துவைக்கிற முகாமில் கொஞ்சக் காலம் வைத்திருந்து, பிறகு எங்கள் வீட்டுக்கு விடப்பட்டவர். என் அறையில்தான் அவருக்கும் கட்டில். சலாட் இலைகளைப் பைக்கற்றில் போடுகிற தொழிற்சாலை ஒன்றில் விடியக்காலை வேலை. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் சோபாவில் சாய்ந்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். குளிர் அறைக்குள் நின்று நின்று கை விறைத்துப்போகும் என்பார். அம்மா, அப்பாவைப்போல எனக்குப் புத்திமதி சொல்ல வராதபடியால் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

"நீ வாசிக்கிறதைச் சின்னம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டு, அவளுக்கும் இங்கிலிஷ் வரும்" என்று அம்மா ஒருநாள் ஏவிவிட்டார். அம்மாவின் கணக்கில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சின்னம்மாவுக்கு இங்கிலிஷ், எனக்குத் தமிழ். ஏனென்றால் ஒவ்வொரு பந்தியையும் வாசித்துவிட்டு நான் தமிழில் சொல்ல வேண்டும்.

அது லேசான வேலையல்ல. மலைகளுக்கு நடுவில் கடல் உள்ளுக்கு வருகிற இடத்துக்கு நான் சொல் தெரியாமல் முழிசினால், "களப்பு எண்டு சொல்லன்" என்பார் சின்னம்மா. அவர்களுடைய நீளக் கப்பல் வள்ளமாகிவிட்டது. தேனில் செய்த அவர்களுடைய குடிவகை கள்ளாகிவிட்டது. இப்படியாக வடகடல் வீரர்கள் எங்கள் வரவேற்பறையில் வள்ளம் ஏறி, களப்பைக் கடந்து, கள்ளுக் குடித்து, எதிரிகளை வெட்டினார்கள். எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது. இன்றைக்கும் அந்தக் கதையை நினைத்தால் கரையில் தென்னை நிற்கிறது.

ஆனால் சின்னம்மாவுக்குக் கதை கேட்கத் தெரியாது என்பது என் அந்தக் காலத்து அபிப்பிராயம். ஸ்வாலா பனிமழைக்குள் எதிரியின் கோட்டைக்குத் தனியே புறப்படுகிறாள், நான் சோபாவில் ஏறி நின்று வாசிக்கிறேன். சின்னம்மா கேட்பார்: "ஒருத்தருக்கும் சொல்லாமலோ போறாள்? பொறுப்பாளரிட்டக் கேட்க வேண்டாமோ?" தெய்வம் அனுப்பினதுக்குப் பொறுப்பாளர் எதற்கு என்று நான் சண்டை பிடிப்பேன். இன்னொரு நாள் பெரிய சமர் ஒன்று முடிந்து, ஸ்வாலா குன்றின் உச்சியில் நின்று கோடரியை உயர்த்துகிற கட்டம். "காயப்பட்டவையை ஆர் தூக்கினது?" என்றார். நான் திருப்பிப் பார்த்தேன். புத்தகத்தில் அது இல்லை. ஒருவரும் தூக்கவில்லை போலிருக்கிறது. "அப்ப அவை அதிலேயே கிடக்கினமோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

நனைந்த சப்பாத்தோடு எத்தனை நாள் நடப்பாள், கால் புண் வராதோ என்று கேட்பார். இரண்டு அத்தியாயமாகச் சாப்பிடவில்லையே என்று கேட்பார். மச்சம் இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பலாமா என்று அவருக்குப் பெரிய கோபம். "தாய் எங்க?" என்று கேட்டார். முதல் அத்தியாயத்திலேயே செத்துவிட்டார் என்றேன். இந்த மாதிரிப் புத்தகங்களில் தாய்மார் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. சின்னம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லதுதான். இருந்திருந்தா அந்த மனிசிதான் பாவம்" என்றார். கற்பனை என்பது மருந்துக்கும் இல்லாத மனிசி என்று நான் முடிவுகட்டினேன். ஆனாலும் நான் ஒருநாள் வாசிக்காமல் விட்டால், "இண்டைக்கு உன்ர சினேகிதி என்ன செய்யிறாள்?" என்று தானே வந்து கேட்பார்.

இந்த இடத்தில் பெரியவர்கள் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது சின்னப்பிள்ளை விளையாட்டாகவே போய்விடும். சின்னம்மா ஊரில், பதினேழு வயதில், இயக்கத்தில் போராளியாக இருந்தவர். தானாகப் போனாரா, கூட்டிக்கொண்டு போனார்களா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லுவார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் கேட்கவில்லை. அவருடைய அகதி வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய கதையை எங்கே, எப்போது, எப்படிச் சொல்வதென்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அதுவரை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்றும் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். தப்பான காதில் தப்பான மாதிரி விழுந்தால் சின்னம்மாவைத் திரும்பவும் முகாமில் போடலாம், நாட்டுக்கே திருப்பி அனுப்பவும் பார்க்கலாம் என்ற பயம் வீட்டில் எந்த நேரமும் இருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையின் வாய்க்கு எப்படிப் பூட்டுப் போடுவது என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள். தெரியாத பிள்ளைக்கும் வாய் இருக்கும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

வருடக் கடைசியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கலைவிழா வரும். அதில் வினோதவுடைப் போட்டி இருக்கும். அந்தப் போட்டிக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெடியன்கள் என்றால் முருகன், கையில் திரைச்சீலைக் கம்பியில் செய்த வேல். பெட்டைகள் என்றால் தமிழ்த்தாய். அதற்கென்று வெள்ளித்தாள் ஒட்டிய முடியும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைமட்டையில் வெட்டிய வீணையும் போட்ட பை ஒன்று வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே மேடையில் மூன்று தமிழ்த்தாய்மார் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற வருடமும் உண்டு. போட்டி இருப்பதே காலையில்தான் நினைவுக்கு வந்த வீட்டுப் பிள்ளைகள் டொக்டர்.

அந்த வருடம் அந்தப் பை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அதைத் திறக்கவேயில்லை. ஸ்வாலாவாகப் போகிறேன், இல்லாவிட்டால் போகவே மாட்டேன் என்றேன். அம்மாவுக்கு விசர் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூட மேடையில் வெள்ளைக்காரியாக ஏறுகிறதா, சனம் என்ன கதைக்கும், போனமுறை வைத்த பொட்டுச் சரியில்லை என்றே இரண்டு மாதம் கதைத்தவர்கள் என்று தொடங்கினார். நான் அழத் தயாரானேன். அப்போது குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற சின்னம்மா, "அவள் விரும்பினதாப் போகட்டுமன் அக்கா" என்றார்.

சின்னம்மா அம்மாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. எங்கள் சோபாவில்கூட ஓரத்தில்தான் இருப்பார். அம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "என்னவாவது செய்யுங்கோ" என்று போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னம்மாவைக் கட்டிப்பிடித்தேன். வெங்காயக் கையை அகலப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார்.

பிறகு வந்த ஒரு கிழமையும் எங்கள் அறை பட்டறையாகிவிட்டது. தொழிற்சாலையால் கொண்டுவந்த கடதாசி மட்டைப் பெட்டியை வெட்டி, அலுமினியத் தாள் சுற்றிக் கோடரி செய்தார். ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சுகிற பெரிய சட்டியின் மூடி கேடயமானது. அதன் உட்பக்கம் ஒரு பழைய பெல்ற்றைக் கட்டிக் கையை நுழைக்க வசதி செய்தார். இனி மிச்சம் இருந்தது தோளில் போடுகிற மிருகத்தோல்தான். அட்டைப்படத்தில் ஸ்வாலாவுக்கு ஓநாய்த்தோல். டண்டினொங்கில் ஓநாய்க்கு எங்கே போவது? நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கார் நின்றது. அதன் ஓட்டுநர் இருக்கையில், மலிவு விற்பனையில் வாங்கி, அப்பா ஞாயிறுதோறும் சீப்பால் வாரிவிடுகிற செம்மறித்தோல் உறை.

"வேண்டாம், அத்தான் ஏசுவார்" என்று சின்னம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே யன்னலுக்கு வந்து தானும் பார்த்தார். அவருக்கும் அது பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

விழா நாள் காலையில் அம்மா வெள்ளெனவே மண்டபத்துக்குப் போய்விட்டார். அந்த வருடத்து மட்டன் ரோல்ஸ் பொறுப்பு அவருடையது. அப்பாவும் அவரை இறக்கிவிட்டு, கதிரை அடுக்க நின்றுவிட்டார். உறையை முதல்நாளே கழற்றி என் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தோம். காரில் ஏறியபோது அப்பா கேட்ட கேள்விக்கு, கழுவுவதற்கு எடுத்தது என்று சின்னம்மா பொய் சொன்னாராம். வாழ்க்கையில் அத்தானுக்கு அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

உடுத்தி முடிந்தது. இனித் தலை. எங்கள் பேச்சில் தலை இழுப்பது என்றால் தலைசீவிப் பின்னிவிடுவது. நான் புத்தகத்தைக் கொண்டுவந்து அட்டையைக் காட்டினேன். இப்படி விரித்துவிட வேண்டும், மேடையில் நான் திரும்பினால் அது பறக்க வேண்டும் என்றேன். சின்னம்மா அட்டையைப் பார்த்தார். அத்தனை நாள் பொறுத்தவர் அன்றைக்குப் பொறுக்கவில்லை.

"இவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? விரிச்ச தலையோட ஒருத்தியும் சண்டைக்குப் போகமாட்டாள். பத்தைக்குள்ள போனா முதல் முள்ளில கொழுவும்."

"சின்னம்மா, அது பனி. பத்தை இல்லை."

"பனியெண்டா என்ன, மரமில்லையோ? இரு."

என்னை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இருத்தி, நேர்வகிடு எடுத்து, இரண்டு பின்னல் பின்னினார். பள்ளிக்கூடப் பின்னல் போலத்தான் தொடங்கியது. ஆனால் தொங்கவிடவில்லை. இரண்டையும் மடக்கித் தூக்கி, குறுக்கும் மறுக்குமாகப் பிடரியோடு ஒட்டவைத்து, கறுப்பு ஊசிகளால் இறுக்கிக் குத்தினார். மண்டை விண் விண் என்று தெறித்தது. ஆனால் கை எவ்வளவு வேகம். கண்ணாடி பார்க்கவில்லை, ஒரு ஊசியைத் திருப்பி எடுக்கவில்லை, வாயில் பிடித்திருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து முடிந்தன. பிறகு என்னைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தலையை ஆட்டு" என்றார். ஆட்டினேன். ஒரு மயிர் அசையவில்லை. "ஓடலாம் இப்ப" என்றார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பல வருடங்களுக்குப் பிறகு கேட்டேன். "நீ சண்டைக்குப் போறன் எண்டாய், கை தன்ரபாட்டில போட்டுது" என்றார்.

சின்னம்மா எந்த விழாவுக்கும் வருவதில்லை. கோயிலுக்குப் போனாலும் கூட்டம் வருமுன் போய், கூட்டம் வருமுன் வந்துவிடுவார். அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக ஆளில்லை என்ற சாட்டில் தானும் பஸ்ஸில் வந்தார். இந்த நாட்டில் வருடக் கடைசிதான் கோடை, நெருப்பு வெயில். தோளில் செம்மறித்தோலும் கையில் சட்டி மூடியுமாக நான் ஏறியதும் பஸ் சாரதி பணமே கேட்கவில்லை.

மண்டபம் ஒரு பள்ளிக்கூடத்தினுடையது, வாடகைக்கு எடுத்தது. வாசலில் ரோல்ஸ் தட்டோடு வந்த அம்மா என்னைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு நான் திரும்பினேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னை மூலைக்கு இழுத்துப் போய் ஊசிகளைக் கழற்றத் தொடங்கினார். நான் கத்த வாயைத் திறந்தேன். சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா கையை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தவர் மைக் அன்ரி. எங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியை அவர். கலைவிழாவில் மைக்கும் அவர் கையில், போட்டிக்கு நடுவரும் அவர், பிள்ளைகளை வரிசைப்படுத்துவதும் அவர். கட்டையாக வெட்டிய தலைமயிர், கண்ணாடி, ஆளைக் கண்டாலே நிமிர்ந்து நிற்கத் தோன்றும். கனடாவில் இருந்து கலியாணம் முடித்து வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் பெயரை அழைத்து வரிசையில் விடும்போது பிடரியைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார்.

"பிள்ளைக்கு ஆர் தலை இழுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திவிட்டார். "நான்தான். அவசரத்தில சும்மா மடிச்சுக் குத்திவிட்டன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காலை முழுக்க இருந்து, மட்டை வெட்டி, தோல் கட்டி, தலை இழுத்தது சின்னம்மா. ரோல்ஸ் சுற்றப் போன அம்மா வந்து, தான் செய்தது என்று கூசாமல் சொல்கிறார். எங்கள் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் இதைப் பற்றிப் பாடமே நடந்திருந்தது. அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொல்வது களவு. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், ஓரத்தில் சின்னம்மா இருந்தார். பாவமாக இருந்தது. சொந்தமாக ஒரு அறைகூட இல்லாத மனிசி, இந்தப் பேரையாவது எடுக்கட்டும் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

முருகன்கள் போனார்கள். டொக்டர்கள் போனார்கள். ஒரு தமிழ்த்தாய் முடி கண்ணை மறைத்து மேடை ஓரத்தில் தடக்கி விழப் பார்த்தாள். என் முறை வந்தது. மேடைக்கு ஏறி, பழகியபடி கேடயத்தை உயர்த்தி, நான் வடகடல் வீராங்கனை ஸ்வாலா, என் குலத்தின் கரையை யாரும் தொட விடமாட்டேன் என்று சொன்னேன். கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்க வேண்டும். நான் மைக்கை விடவில்லை.

"இன்னொரு விஷயம். எனக்குத் தலை இழுத்தது அம்மா இல்லை. அம்மா பொய் சொல்லுறா. என்ர சின்னம்மாதான் இழுத்தவா. சண்டைக்குப் போற பெட்டையளுக்கு எப்பிடித் தலை இழுக்கிறதெண்டு அவாவுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பியும் நின்றேன்.

அப்படி ஒரு அமைதியை நான் எங்கள் சனத்திடம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தேவாரத்துக்கே கதைத்துக்கொண்டிருக்கிற மண்டபம் அது. பின்னால் ரோல்ஸ் பொரிகிற சத்தம் கேட்டது. என் வேஷத்தில் எல்லோரும் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பின்னலை எங்கே கண்டோம் என்று தெரியும். அவர்களுடைய தங்கைமார், மச்சாள்மார், மகள்மார் அப்படி இழுத்த தலையோடு இயக்கத்துக்குப் போனவர்கள்.

மைக் அன்ரி வந்து என் தோளில் கை வைத்து என்னைச் சபைப் பக்கம் திருப்பினார். மைக்கை வாங்கினார். "எல்லாற்ற சின்னம்மாவும் உப்பிடித்தான்" என்றார். "பிள்ளைக்கு நோகுதோ எண்டு பாக்கிறேல்லை, யுத்தத்துக்குப் போற மாதிரி இறுக்கித்தான் இழுக்கிறது. நானும் எத்தினை நாள் அழுதிருக்கிறன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அங்கிள் தன் சின்னம்மாவும் அப்படித்தான் என்று எழும்பி நின்று சொன்னார். அவருக்குத் தலையில் மயிரே இல்லை என்பதால் இன்னும் சிரிப்பு. இன்னொரு அன்ரி, உலக்கை பிடித்த கை என்றார். அந்தச் சிரிப்புக்குள் என்னை இறக்கி, அடுத்த பிள்ளையை ஏற்றிவிட்டார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது.

பரிசு சொன்னார்கள். முதல் பரிசு ஐந்து வயது டொக்டர் ஒருவனுக்கு. மற்றவை முருகனுக்கும் தமிழ்த்தாய்க்கும். வென்றவர்களைப் படம் பிடித்து அடுத்த மாதச் சமூகப் பத்திரிகையில் போடுவார்கள் என்று மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பென்சில் பெட்டி. அதையும் மேடையில் வைத்துத் தரவில்லை, மைக் அன்ரி கீழே இறங்கி வந்து, கமராவுக்கு என்னை மறைத்து நின்று, கையில் தந்துவிட்டுப் போனார்.

வாகனத் தரிப்பிடத்தில், அப்பாவின் காருக்குப் பின்னால், சீமெந்துக் கட்டின் மேல் சின்னம்மா இருந்தார். பக்கத்தில் அம்மா. அம்மா என்னை ஏசவில்லை, அடிக்கவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்னம்மா என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, செம்மறித்தோலைக் கழற்றி, வியர்வையைத் தன் சால்வையால் துடைத்தார். அவருடைய கை குளிர் அறையால் வந்த கை மாதிரிச் சில்லென்று இருந்தது.

இதை வாசிக்கிறவர்கள் பதறாமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் நடக்கவில்லை. அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொட்டுச் சரியில்லை என்று இரண்டு மாதம் கதைக்கிற சனம், ஒரு வீட்டிலும், ஒரு கடையிலும், ஒரு கலியாணத்திலும் அதைக் கதைக்கவில்லை. வழக்கறிஞர் தான் நினைத்த நேரத்தில், நினைத்த மாதிரி அதைச் சொன்னார். இழுபட்டு இழுபட்டுத்தான் முடிந்தது, ஆனால் நல்லபடி முடிந்தது. சின்னம்மாவுக்கு இப்போது கலியாணமாகி, பக்கத்து ஊரில் வீடு, வீட்டில் இரண்டு பெட்டைகள். இருவருக்கும் தலைமயிர் கட்டை. சோபாவுக்கு நடுவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு அவர் அவர்களை ஏவுவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அன்று அந்தச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தபோது எங்கள் யாருக்கும் இது தெரியாது. அம்மா மண்டபக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. மைக் அன்ரி கடதாசித் தட்டில் ரோல்ஸோடு வந்தார். அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். அன்ரி வேண்டாம் என்பதுபோல் தலையாட்டிவிட்டுத் தட்டைச் சின்னம்மாவின் மடியில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ. ஆறினா நல்லாயிராது."

திரும்பப் போனவர் என்னைப் பார்த்து நின்றார். அம்மா காலையில் ஊசி கழற்றியதில் ஒரு பின்னல் தளர்ந்து காதடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மைக் அன்ரி குனிந்து, அதைத் தூக்கி மடக்கி, விரலால் ஊசி ஒன்றைத் தேடி உருவி, பிடரியில் இருக்க வேண்டிய இடத்தில் குத்தினார். அவர் என் தலையைப் பார்க்கவேயில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சின்னம்மாவை. சின்னம்மா அவருடைய கையைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்ரி உள்ளே போய்விட்டார்.

சின்னம்மா ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். கடித்துக்கொண்டே அழத் தொடங்கினார். அழுதுகொண்டே மற்றதையும் சாப்பிட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்து அழுதார். நான் தோற்றதற்குத்தான் இரண்டு பேரும் இவ்வளவு துக்கப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. அடுத்த வருடம் கட்டாயம் வெல்லுவோம் என்று சின்னம்மாவின் முதுகைத் தடவிவிட்டேன். அவர் அழுகைக்குள் சிரித்து, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு விளங்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஊசியைக் கண்ணால் பார்க்காமலே இவ்வளவு திறமாகக் குத்தத் தெரிந்த மைக் அன்ரிக்கு, முதல் பரிசைத் தூக்கி எனக்குத் தர ஏன் மனம் வரவில்லை?